ஹீமோகுளோபின் 12.5: போடியில் நார்மல், சாந்தன்பாறையில் ரத்தசோகையா?

"ரத்தம் கம்மியா இருக்கு, பீட்ரூட் சாப்பிடுங்க." இந்த அறிவுரையைக் கேட்காதவர்கள் குறைவு. இங்கே 'ரத்தம் கம்மி' என்றால் ரத்தத்தின் அளவு குறைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் குறைவாக இருக்கிறது என்பதே பொருள். நர்சிங், மருத்துவ மாணவர்கள் முதலாண்டு உடலியங்கியல் லேபில் அளந்து பழகுவதும் இதைத்தான். பல நேரம் அவர்கள் குத்திக்கொள்வது தங்கள் சொந்த விரலை.

லேபில் என்ன செய்கிறார்கள்?

சுவிட்சர்லாந்து மருத்துவர் ஹெர்மன் சாலியின் பெயரில் உள்ள முறை இது. கோடு போட்ட குழாயில் கொஞ்சம் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் எடுத்து, அதில் 20 மைக்ரோலிட்டர் ரத்தத்தை விட வேண்டும். பத்து நிமிடத்தில் அது பழுப்பாக மாறும். பிறகு பக்கத்தில் இருக்கும் பழுப்புக் கண்ணாடியின் நிறம் வரும்வரை சொட்டுச் சொட்டாக காய்ச்சி வடித்த நீர் சேர்க்க வேண்டும். நிறம் பொருந்தும்போது திரவம் நிற்கும் கோடுதான் ரிசல்ட்.

நிறத்தை ஒப்பிடுவது கண் என்பதால், ஒரே ரத்தத்துக்கு இரண்டு மாணவர்கள் இரண்டு எண் சொல்லலாம். ரத்தம் வரவில்லையே என்று விரலைப் பிழிந்தால் திசுநீர் கலந்து எண் குறைவாகக் காட்டும். பழகுவதற்கு நல்ல முறைதான், ஆனால் இதை வைத்து மாத்திரை தொடங்கக் கூடாது. இன்னொன்று, ஒருவருக்குக் குத்திய லான்செட்டை இன்னொருவருக்குப் பயன்படுத்தவே கூடாது. ஹெபடைட்டிஸ் பி, எச்.ஐ.வி. பரவ அது போதும்.

மலையில் கணக்கு ஏன் மாறுகிறது?

டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழே போனால் பெண்களுக்கு ரத்தசோகை, ஆண்களுக்கு 13. கர்ப்பிணிகளுக்கு 11, நடு மூன்று மாதங்களில் மட்டும் 10.5. இவை உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவுகள். ஆனால் இவை கடல்மட்டத்தில் வசிப்பவர்களுக்கானவை.

உயரம் கூடக் கூட காற்றில் ஆக்சிஜன் அழுத்தம் குறையும். அதை ஈடுகட்ட உடல் கூடுதல் ஹீமோகுளோபினை உருவாக்கும். ஆகவே 1000 முதல் 1499 மீட்டர் வரை உயரத்தில் வசிப்பவரின் எண்ணிலிருந்து 0.8 கிராமைக் கழித்துப் பார்க்க வேண்டும் என்கிறது அந்நிறுவனத்தின் 2024 வழிகாட்டுதல். முன்பு 1000 மீட்டருக்கு 0.2 கிராம்தான் கழித்தார்கள்.

சாந்தன்பாறையைச் சுற்றியுள்ள ஏலமலையில் பல ஊர்கள் 1000 மீட்டரைத் தாண்டியவை. அங்கே வசிக்கும் ஒரு பெண் தோட்டத் தொழிலாளிக்கு 12.5 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 0.8 போனால் 11.7. அதாவது லேசான ரத்தசோகை. அவரே போடிமெட்டு இறங்கி போடிநாயக்கனூரில் டெஸ்ட் எடுத்தால், சீட்டில் 'நார்மல்' என்றுதான் அச்சாகியிருக்கும். மெஷினுக்கு அவர் எந்த ஊரில் வசிக்கிறார் என்பது தெரியாது. மூச்சுவாங்குது, தலைசுத்துது என்று போகிறவர்கள் ஊரின் உயரத்தையும் டாக்டரிடம் சொல்வது நல்லது.

இரும்புச்சத்து மாத்திரை போதுமா?

எண் குறைவு என்று மட்டும்தான் இந்த டெஸ்ட் சொல்லும், ஏன் என்று சொல்லாது. இரும்புச்சத்துக் குறைவு, கொக்கிப்புழு, அதிக மாதவிடாய்ப் போக்கு என்று பல காரணங்கள் இருக்கலாம். பாலக்காட்டின் அட்டப்பாடி பழங்குடியினரிடையே அரிவாள்செல் நோயும் ஒரு காரணம். இந்தியாவில் அந்நோயின் தடயம் முதலில் பதிவானது அதன் பக்கத்து நீலகிரி மலையில்தான், 1952-இல். பரம்பரையாக வரும் அதை இரும்பு மாத்திரை குணப்படுத்தாது.

லேபில் பார்த்த ரத்த வகை?

ஏ, பி, டி என மூன்று சீரம் துளிகளில் ரத்தத்தைக் கலந்து, எதில் திரிகிறது என்று பார்ப்பதுதான் மாணவர் சோதனை. பெரும்பாலும் சரியாக வரும். ஆனால் மருத்துவர் பெண்டே குழுவினர் 1952-இல் கண்டறிந்து அறிவித்த 'பாம்பே' ரத்த வகை இதில் 'ஓ' மாதிரியே தெரியும். அவர்களுக்கு சாதாரண 'ஓ' ரத்தம் ஏற்றினால் உயிருக்கே ஆபத்து. அதனால் ஐடி கார்டில் எந்த வகை எழுதியிருந்தாலும், ரத்தம் ஏற்றும் முன் ரத்த வங்கியில் வகையை மறுபடி பார்த்து, கொடுப்பவர் ரத்தத்தோடு பொருத்திப் பார்க்கும் 'கிராஸ் மேட்ச்' சோதனையும் செய்கிறார்கள்.