தலைக்கணக்கும் நிலக்கணக்கும்: ஸ்ரீவில்லிபுத்தூர் மலைகளில் வரையாட்டுப் பாதுகாப்பு

தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாட்டைப் பற்றிய பேச்சு அண்மைக் காலமாக எண்ணிக்கையையே சுற்றி வருகிறது. 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு மாநிலத்தில் 1,031 ஆடுகள் என்றது. 2025இல் கேரளத்துடன் ஒரே நேரத்தில் எடுத்தபோது நம் பங்கு 1,303 ஆனது. ஓராண்டில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் உயர்வு. வரையாட்டுப் பெட்டை ஓர் ஈற்றுக்குப் பெரும்பாலும் ஒரு குட்டியே போடும். போட்டதெல்லாம் பிழைப்பதும் இல்லை. எனவே இந்த உயர்வு முழுவதையும் பிறப்பின் கணக்கில் எழுத முடியாது. தேடியவர்களின் பழக்கமும் பரப்பும் கூடியதற்கு அதில் பங்கு உண்டு என்றே கொள்ள வேண்டும். ஆடு நிற்கும் நிலத்தையும் சேர்த்து அளந்தால்தான் இந்த எண்ணுக்குப் பொருள் கிடைக்கும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பகுதியில் வ. புதுப்பட்டிக்கும் வத்திராயிருப்புக்கும் மேற்கே எழும் மலைத்தொடர் இதற்கு ஏற்ற களம். அதன் முகட்டின் மேல்தான் விருதுநகர், தேனி மாவட்டங்களின் எல்லை ஓடுகிறது. மேற்கே இறங்கும் நீர் வருசநாடு வழியாக வைகைக்குப் போகிறது. கிழக்கே இறங்குவது பிளவக்கல்லின் பெரியாறு, கோவிலாறு அணைகளில் தேங்கி, கண்மாய்களையும் நெல் வயல்களையும் நனைக்கிறது. இங்கே 1988இல் அமைந்த சரணாலயம் சாம்பல் நிற மலை அணிலுக்கானது. 2021 பிப்ரவரியில் மேகமலையோடு சேர்த்து அறிவிக்கப்பட்டது புலிகள் காப்பகம். அணில் ஓடையோர மரங்களில் வாழ்வது. புலிக்குப் பரந்த காடு வேண்டும். மரமற்ற மொட்டை முகடுகளிலும் பாறைச் சரிவுகளிலும் வாழும் வரையாடு இவ்விரண்டின் நிழலில்தான் காப்புப் பெற்றது. முகட்டின் இருபுறமும் ஒரே காப்பகத்தின் கீழ் வந்தது பெரிய ஆதாயம். ஆனால் மரக்காட்டை மனத்தில் வைத்து வகுத்த மேலாண்மை புல்மேட்டுக்கு அப்படியே பொருந்தாது.

வரையாட்டின் வாழ்வு புல், பாறை இரண்டையும் பற்றியது. காலையிலும் மாலையிலும் புல்வெளியில் மேய்கிறது. செந்நாயோ சிறுத்தையோ தென்பட்டால் பாறை விளிம்புக்கு ஓடுகிறது. குளம்பின் ஓரம் கெட்டியானது, நடு இளகியது. அதனால் வழுக்குப் பாறையும் பிடி கொடுக்கிறது. பாறையை விட்டு வெகுதூரம் போகாத இந்த இயல்பால், இரு புல்மேடுகளுக்கு நடுவே அடர்ந்த காடோ தோட்டமோ வந்தால் மந்தைகள் தனித்தனித் தீவுகளாகிவிடும். தனித்த சிறு மந்தையை ஒரு நோயோ சில ஆண்டு வேட்டையோ துடைத்துவிடும்.

குட்டி ஈனும் பருவத்தையும் கவனிக்க வேண்டும். பிறப்புகள் ஜனவரி, பிப்ரவரியில் மிகுதி. மழை மறைவில் உள்ள நம் கிழக்குச் சரிவில் அதன் பின்னாலேயே காட்டுத்தீக் காலம் தொடங்குகிறது. குட்டி தாயோடு சரிவில் தடுமாறும் வாரங்களில் புல் காய்ந்து நிற்கிறது. கேரளத்தின் இரவிகுளத்தில் ஆண்டுதோறும் ஈற்றுக் காலத்தில் பூங்காவைப் பார்வையாளருக்கு மூடுகிறார்கள். புல்லைப் பகுதி பகுதியாக, முறை வைத்து எரிக்கும் வழக்கமும் அங்கே உண்டு. இங்கே, ஈற்றுக் காலத்துக்கு வெளியே என்றாலும், சதுரகிரி மலைக்கோயிலுக்கு ஆடி அமாவாசையன்று பெருங்கூட்டம் ஏறுகிறது. பக்தியைத் தடுக்கச் சொல்லவில்லை. தாணிப்பாறை வழித்தடத்தை விட்டு முகடுகளுக்குக் கிளைப்பாதை விழாமல் காப்பது கட்டாயம்.

நிலத்தை எப்படி அளப்பது என்பதற்குக் கனடாவின் காரிபூ மான்களின் அனுபவம் உதவும். மரம் வெட்டிய இடத்தில் இளங்காடு முளைத்தது. அதைத் தின்ன மூஸ் மான் பெருகியது. அதைத் தொடர்ந்து ஓநாய் பெருகியது. எண்ணெய் தேட வெட்டிய நேர்கோட்டுப் பாதைகள் ஓநாய்க்கு வழியாயின. பலியானது காரிபூ. ஓநாயைக் கொன்றும் தெற்கு செல்கர்க் மந்தை தப்பவில்லை; 2019 ஜனவரியில் அதன் கடைசி விலங்கைப் பிடித்து வேறிடம் கொண்டு போனார்கள். இதற்கு முன்பே, 2012இல் கனடிய அரசு, காட்டுவாழ் காரிபூவின் ஒவ்வொரு வாழிடத்திலும் குறைந்தது 65 விழுக்காடு குலையாத நிலம் வேண்டும் என்று வரையறுத்தது. மனிதக் குலைவைச் சுற்றி 500 மீட்டரும், 40 ஆண்டுகளுக்குள் எரிந்த காடும் குலைந்த நிலமாகக் கணக்கிடப்படும்.

அந்த 65ஐ அப்படியே எடுத்து வந்து இங்கே ஒட்டக் கூடாது. எரிந்த காட்டில் காரிபூ உண்ணும் லைக்கன் என்னும் பாசிப்பூஞ்சை திரும்பப் பல பத்தாண்டுகள் ஆகும். நம் புல்லோ அடுத்த மழைக்கே தளிர்க்கும். எடுத்துக்கொள்ள வேண்டியது அதன் முறையை: ஒவ்வொரு மந்தைக்கும் வாழிட எல்லை, குலைவுக்கு அளவு, அதை மீறினால் செய்ய வேண்டிய நடவடிக்கை.

ரூ. 25.14 கோடியில் 2023 அக்டோபரில் தொடங்கிய வரையாட்டுத் திட்டத்தில் ரேடியோ பட்டை, புல்வெளி மீட்பு, பழைய வாழிடங்களில் மறு அறிமுகம் ஆகியவை உண்டு. மறு அறிமுகத்துக்கு முன், இருக்கும் மந்தைகளிடையே வழி திறந்திருக்கிறதா என்று பார்ப்பது முறை. ஒவ்வொரு மொட்டை முகட்டுக்கும் புல்லின் பரப்பு, அந்நியச் செடிகளின் பரவல், கடைசியாக எரிந்த ஆண்டு, அடுத்த மொட்டைக்கு உள்ள தொலைவு ஆகியவற்றை வரைபடமாக்கி, தலைக்கணக்கோடு ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். மலையை நன்கறிந்த பளியர் பழங்குடியினரை வெறும் வழிகாட்டிகளாக நிறுத்தாமல், இந்தப் பணியில் ஊதியம் பெறும் கணக்காளர்களாக ஆக்க வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பகுதியில் வனத்துறை இதை அடுத்த ஈற்றுக் காலத்துக்கு முன்பே தொடங்கலாம்.