கட்டப்படாத கட்டடத்தின் விலை

நிலம் வெறுமையாகக் கிடக்கிறது. அதன்மேல் எழவிருக்கும் வணிக வளாகத்துக்கு வங்கி கடன் வழங்க வேண்டும். அக்கடனுக்கு ஈடாக நிற்பது இன்றைய நிலமா, நாளைய கட்டடமா? 1980களில் அமெரிக்கச் சேமிப்பு–கடன் சங்கங்கள் வீழ்ந்த வரலாற்றில் இக்கேள்விக்குத் தனியிடம் உண்டு.

அச்சங்கங்கள் நெடுங்காலம் வீட்டுக்கடனையே தொழிலாகக் கொண்டிருந்தன. வட்டி விகித உயர்வால் அவை நலிந்தபோது, 1982ஆம் ஆண்டின் கார்ன்–செயின்ட் ஜெர்மெய்ன் சட்டம் வணிகக் கட்டடக் கடன்களில் அவை விரிவாக இறங்க வழிவிட்டது. அத்துறையில் பட்டறிவு குறைந்த பல சங்கங்கள் மதிப்பீட்டாளரின் அறிக்கையையே பெரிதும் சார்ந்திருந்தன. அறிக்கைகள் பலவும், கட்டடம் முடிந்து தளங்கள் யாவும் வாடகைக்குச் சென்றுவிட்டதாகக் கொண்டு விலை குறித்தன. எதிர்காலத்தில் நிகழக்கூடியது நிகழ்கால மதிப்பாக ஏட்டில் ஏறியது.

டெக்சாஸ் மாநிலம் மெஸ்கீட் நகரின் எம்பயர் சங்கம் 1984இல் மூடப்பட்டது. டல்லஸுக்குக் கிழக்கே 30ஆம் எண் நெடுஞ்சாலையை ஒட்டிய நிலங்கள், தம்முள் தொடர்புடையோரிடையே கைமாறிக் கைமாறி விலையேறியிருந்தன. அவ்விலைகளே அடுத்த மதிப்பீட்டுக்குச் சான்றாயின. அக்காலக் கட்டுமானக் கடன்கள் பலவற்றில், தொடக்க ஆண்டுகளின் வட்டியும் கட்டணங்களும் கடன்தொகைக்குள்ளேயே அடங்கியிருந்தன. கடன் கொடுத்த சங்கம் தன் பணத்திலிருந்தே தனக்கு வட்டி பெற்றுக்கொண்டது. ஆகவே குடியேற ஆளில்லாத கட்டடத்தின் கடனும் நற்கடனாகவே தோன்றியது.

1986இல் எண்ணெய் விலை சரிந்தது; அவ்வாண்டின் வரிச் சீர்திருத்தம் கட்டட முதலீட்டுக்கான சலுகைகளைக் குறைத்தது. 1986 முதல் 1995 வரை, 3,234 சங்கங்களில் 1,043 வீழ்ந்தன. இழப்பு ஏறத்தாழ 153 பில்லியன் டாலர். அதில் ஏறத்தாழ 124 பில்லியன் வரி செலுத்துவோர்மீது விழுந்தது. வட்டிச் சூழல், தளர்ந்த கண்காணிப்பு, மோசடி எனக் காரணங்கள் பல. எனினும் ஊதிய மதிப்பீடு அவை அனைத்தையும் நெடுநாள் மறைத்துவைத்தது.

1989ஆம் ஆண்டின் சீர்திருத்தச் சட்டம் மதிப்பீட்டாளர்களுக்கு மாநில உரிமத்தையும் சான்றிதழையும் கொணர்ந்தது. கடன் பெறுபவர் அல்லாமல் கடன் தருபவரே மதிப்பீட்டாளரை அமர்த்த வேண்டும் என்பதும் விதியாயிற்று. ‘இப்போதுள்ள நிலையில்’, ‘கட்டி முடித்தபின்’, ‘வாடகை நிலைபெற்றபின்’ என மதிப்புகள் தனித்தனியே பிரித்துரைக்கப்பட்டன. 1993இல் நடைமுறைக்கு வந்த வரம்புகள், வெற்று நிலத்துக்கு மதிப்பில் 65 விழுக்காடும் வணிகக் கட்டுமானத்துக்கு 80 விழுக்காடும் என உச்ச அளவு வகுத்தன.

இந்தியாவிலும் 50 கோடி ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள சொத்துகளுக்குச் சார்பற்ற இரு மதிப்பீட்டறிக்கைகளை வங்கிகள் பெறவேண்டும் என்கிறது ரிசர்வ் வங்கியின் நெறிமுறை. ஆயினும் அறிக்கைகளின் எண்ணிக்கை மட்டும் போதாது. அறிக்கை எந்த நாளின், எந்த நிலையின் மதிப்பைச் சொல்கிறது என்று கேட்கும் பொறுப்பு கடன் வழங்குபவரிடமே எஞ்சுகிறது. டெக்சாஸில் அக்கேள்வி கேட்கப்படாமற்போனதன் விலையைக் கொடுத்தவர்கள், அக்கடன்களில் ஒரு டாலரும் பெறாத பொதுமக்கள்.