அச்சேறும் வரையில்

சென்னை ஹைக்கோர்ட்டில் முத்துசாமி ஐயர் நீதிபதியாக நியமனம் பெற்றதை ஆங்கிலேயர் நடத்திய பத்திரிகைகள் தூற்றியபோது, அதற்கு மறுமொழி கூற வேண்டுமென்று துணிந்த 6 இளைஞர்கள், ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கி, தங்கசாலைத் தெருவிலிருந்த ஸ்ரீநிதி அச்சுக்கூடத்தில் 80 பிரதிகள் அச்சிட்டு, 1878-ஆம் வருஷம் செப்டம்பர் 20-ஆம் தேதி வெளியிட்ட 'ஹிந்து', அப்போது வாரம் ஒருமுறை வரும் பத்திரிகை. இன்று எழுதிய வார்த்தையை நாளை அடித்து, மறுநாள் அதைவிடப் பொருத்தமானதொன்றை அவ்விடத்தில் வைக்க அவர்களுக்கு அவகாசம் இருந்தது. 1883-ல் வாரம் மும்முறை, 1889-ல் தினசரி என்று அந்த அவகாசம் குறுகிற்றே அன்றி அற்றுப்போகவில்லை. பத்திரிகாலயத்தின் ஆசாரங்கள் யாவும், செய்தி வந்து சேர்வதற்கும் அச்சு யந்திரம் சுழலத் தொடங்குவதற்கும் இடைப்பட்ட அந்தச் சில மணி நேரத்தில் விளைந்தவை என்பதே என் அபிப்பிராயம்.

தமிழ்ப் பத்திரிகைகளில் இது இன்னும் தெளிவாகப் புலப்படும். மேற்சொன்ன அறுவரில் ஒருவரான ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882-ல் தொடங்கிய 'சுதேசமித்திரன்' 1899-ல் தினசரியாயிற்று. 1904 நவம்பரில் அங்கே உதவி ஆசிரியராகச் சேர்ந்த பாரதியாருக்கு வாய்த்த பெரும்பணி, ஆங்கிலத்தில் வந்த செய்திகளையும் தந்திகளையும் தமிழாக்குவதுதான். ஒவ்வொரு சொல்லுக்கும் காசு என்பதால் எலும்பும் தோலுமாய் வந்து சேரும் தந்திக்குச் சதையும் உயிரும் ஊட்டி, ஊர்ப்பெயரும் ஆள்பெயரும் சரிதானா என்று விசாரித்து, தமிழ் அதுவரை கண்டிராத விஷயங்களுக்குப் பெயர் தேடி, திண்ணையில் ஒருவர் உரக்கப் படிக்கப் பத்துப்பேர் கேட்டால் விளங்கும்படி அமைத்துத் தந்த உதவி ஆசிரியர்களால்தான் நம் உரைநடைக்கு நெளிவும் வேகமும் வந்தன. அவர்களில் பெரும்பாலோர் பெயர் எங்கும் அச்சாகவில்லை என்பதை நினைக்க எனக்கு மிகுந்த வருத்தம். அவர்களைத் தாண்டிய எழுத்து, அச்சுக்கோப்பவர் கையையும் புரூப் பார்ப்பவர் கண்ணையும் கடந்த பிறகே யந்திரத்துக்குப் போயிற்று. 1942-ல் மதுரையில் ஆதித்தனார் நிறுவிய 'தினத்தந்தி' தன் பெயரிலேயே தந்தியைத் தரித்துக்கொண்டது.

யந்திரங்கள் பிறகு விரைந்து மாறின. 'ஹிந்து' 1963-ல் பிரதிகளைச் சொந்த விமானங்களில் வெளியூர்களுக்கு அனுப்பிற்று. 1969-ல் பக்கங்களையே தொலைவிடங்களுக்கு நகலாக அனுப்பும் முறையைக் கைக்கொண்டது. ஆனால் இவை அனைத்தும் பக்கம் தயாரான பின் நிகழும் பிரயாணத்தைத்தான் சுருக்கின. 1995-ல் அப்பத்திரிகை இணையத்தில் ஏறியபோது நேர்ந்ததோ வேறு வகைப்பட்டது. ஆரம்பத்தில் இணையப் பக்கங்கள் அச்சான தாளின் நிழலாகவே இருந்தன. நாளடைவில் முறை தலைகீழாயிற்று. நிருபர் கைப்பேசியில் அனுப்பும் நாலு வரி உடனே வாசகரிடம் போகிறது. விவரங்கள் பின்னர் வந்து ஒட்டிக்கொள்கின்றன. மறுநாள் தாளுக்கு எஞ்சுவது, நேற்றே எல்லோருக்கும் தெரிந்துவிட்ட செய்தி. 2013 ஜூலையில் இந்தியாவில் தந்திச் சேவையே முடிவுற்றது.

வேகத்தை நான் குறை கூறவில்லை. வெள்ளம் வருகிறதென்று சொல்ல விடியும்வரை காத்திருப்பது பாவம். என் கவலை திருத்தத்தைப் பற்றியது. தாளில் நேர்ந்த பிழை ஆயிரக்கணக்கான வீடுகளில் அப்படியே கிடக்கும். ஆகையால் மறுநாள், இன்ன இடத்தில் தவறிவிட்டோம் என்று ஆசிரியர் வாசகர் முன் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. அந்தக் கூச்சந்தான் புரூப் பார்ப்பவரை விழித்திருக்கச் செய்தது. இணையத்தில் பழைய வாக்கியத்தின் மேலேயே புதியதை எழுதிவிடலாம். மாற்றினோம் என்று சொல்வதும் சொல்லாததும் எழுதுகிறவரின் மனச்சாட்சிக்கு விட்ட விஷயம்.

2015 டிசம்பர் முதல் தேதி பெய்த பெருமழையில் சென்னை மூழ்கிற்று. மறைமலைநகரிலுள்ள அச்சகத்துக்குத் தொழிலாளர்கள் போய்ச் சேர முடியாமையால், மறுநாள் 'ஹிந்து'வின் சென்னைப் பதிப்பு வெளிவரவில்லை. 1878 முதல் அப்படி நேர்ந்தது அதுவே முதல் தடவை. செய்தி நிற்கவில்லை, இணையத்தில் வந்துகொண்டேயிருந்தது. ஆனால் சென்னைப் பதிப்புகளைத் தேதிவாரியாக அடுக்குகிறவர் கையில் அந்த டிசம்பர் 2-ஆம் தேதிக்குத் தாள் இராது. நகரம் தத்தளித்த அந்தக் காலையில் முதலில் எழுதப்பட்ட வாக்கியம் எது, பொழுது சாய்வதற்குள் அதன்மேல் எழுதப்பட்டது எது என்று அவர் எதைப் புரட்டிப் பார்ப்பார்?