ஒரே இயலாமை, ரெண்டு வண்டி

ஒருவர் போரில் காலை இழக்கிறார். இன்னொருவருக்குச் சின்ன வயசில போலியோ. ரெண்டு பேராலும் நடக்க ஏலாது. அரசு வாகனம் கொடுப்பதென்றால் ஆருக்கு எதைக் கொடுக்கும்? பிரித்தானியாவின் வரலாறு இதற்கு ஒரு நல்ல உதாரணம்.

1916இல், முதலாம் உலகப் போரின் நடுவில, அங்கே ஓய்வூதிய அமைச்சு உருவானது. காயப்பட்ட படையினருக்கு அது முச்சில்லு வண்டிகள் கொடுத்தது. நாட்டுக்காக இழந்ததுக்கு நாடு தரும் ஈடு என்பதுதான் அதன் நியாயம். படையில் இல்லாதவர்கள் அந்தக் கணக்கிலேயே வரவில்லை.

1948இல் தேசிய சுகாதார சேவை தொடங்கிய பிறகுதான் பொதுமக்களுக்கும் வண்டி கிடைத்தது. ஆனால் ஈடாக இல்லை. செயற்கைக் கால் மாதிரி ஒரு மருத்துவச் சாதனமாக, இரவலாக. அப்படிக் கொடுக்கப்பட்டவற்றில் பேர்போனது வெளிர்நீல நிற இன்வாகார். அந்த நிறுவனத்தைத் தொடங்கிய பேர்ட் கிரீவ்ஸ் முதலில் வண்டி செய்தது ஒரு படைவீரருக்காக இல்லை, நடக்கமுடியாத தன்ர மச்சான் முறையான உறவினர் ஒருவருக்காக.

இன்வாகாரில் ஒரேயொரு இருக்கை. வேறு ஆரையும் ஏற்றக்கூடாது. சாதனம் நோயாளிக்குத்தானே, குடும்பத்துக்கு என்ன வேலை என்ற யோசனை! அதே காலத்தில கடுமையாகக் காயப்பட்ட போர் ஓய்வூதியர்களுக்கு வழமையான சின்னக் கார்களே கிடைத்தன. அவர்கள் மனைவி பிள்ளைகளோடு போகலாம். போலியோ வந்தவர் தனியத்தான் போகவேணும். இயலாமை ஒன்று, அது வந்த வழிதான் வேறு.

முச்சில்லு ஓட்டியவர்களே இதை எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். 1974இல் பரோனஸ் ஷார்ப்பின் அறிக்கை முச்சில்லுகளுக்குப் பதிலாகக் கார்களைப் பரிந்துரைத்தது. அரசு காசைத் தெரிவுசெய்தது. 1976இல் வந்த போக்குவரத்துக் கொடுப்பனவு கிழமைக்கு 5 பவுண். அதை வைத்துக் கார் வாங்க ஏலாது. அதனால் அந்தக் காசைக் கட்டிக் காரை வாடகைக்கு எடுக்க 1977இல் மோட்டபிலிட்டி திட்டம் உருவானது. 2003 மார்ச் 31உடன் இன்வாகார்கள் தெருவிலிருந்து விலக்கப்பட்டன.

இண்டைக்கு அங்கே வாகன வரியில் நடைமுறை இதுதான்: போர் ஓய்வூதியர் தனக்குரிய போக்குவரத்துக் கொடுப்பனவைக் காட்டலாம், பொதுமகன் தனக்குரிய உயர்நிலைக் கொடுப்பனவைக் காட்டலாம். ரெண்டு பேரின் வாகனமும் ‘மாற்றுத்திறனாளி’ என்ற ஒரே வரிப்பிரிவில் பதியப்படும், வரி பூச்சியம். கொடுப்பனவின் பெயர்கள் இன்னும் வேறுதான். ஆனால் வரிவிலக்கைத் தீர்மானிப்பது எங்கே காயப்பட்டீர்கள் என்பது இல்லை, எவ்வளவு நடமாட முடியும் என்பதே.

போருக்குப் பின்னான நாடொன்றில் வளர்ந்த எங்களுக்கு இது தூரத்துக் கதை இல்லை. படைவீரருக்குக் கொடுத்தது பிழை என்று இங்கே ஆரும் சொல்லவில்லை. அவருக்கு நியாயமாகப் பட்டது மற்றவருக்கு ஏன் சலுகையாக மட்டும் தெரிந்தது என்பதுதான் கேள்வி.