காவிரிப் படுகையின் படிவுப் பாறைகள்

காவிரிப் படுகை என்பது தமிழகக் கிழக்குக் கரையோர நிலத்திலும் அதை ஒட்டிய கடலடியிலும் பரந்துள்ள எண்ணெய்ப் படுகை. பெயர் ஆற்றினுடையது, படுகையோ ஆற்றைவிட மிகப் பழையது. ஜுராசிக் காலத்தின் கடைசியில் கோண்ட்வானாக் கண்டம் பிளந்தபோது இங்கே நிலம் வடகிழக்கு–தென்மேற்காக வெடித்து, பள்ளமும் முகடுமாக அமிழ்ந்தது. அந்தப் பள்ளங்களில் பல கிலோமீட்டர் கனத்துக்கு வண்டல் சேர்ந்தது.

அடியில் கிடக்கும் ஆண்டிமடம் மணற்கல்லில் குவார்ட்ஸோடு ஃபெல்ட்ஸ்பாரும் நிறைய உண்டு, கார்னெட்டும் கலந்திருக்கும். மேற்கே உள்ள நைஸ், சார்னோக்கைட் பாறைகளே இவற்றின் தாய்வீடு. மழையில் ஊறினால் ஃபெல்ட்ஸ்பார் களிமண்ணாகிவிடும். அது சிதையாமல், முனை மழுங்காமல் கிடைத்தால், அந்த மணல் வெகுதூரம் உருண்டு வரவில்லை, வந்ததும் புதைந்தது என்று பொருள்.

பிறகு கடல் ஏறியது. பிராணவாயு குறைந்த அடிநீரில் நுண்களிமண்ணும் உயிர்ம எச்சங்களும் படிந்து சாத்தப்பாடி ஷேல் ஆயின. இந்தப் படுகை எண்ணெயின் முக்கிய ஊற்றுப் பாறைகளுள் இதுவும் ஒன்று. அதன் மேல் படிந்த புவனகிரி மணற்கல், எண்ணெய் தேங்கும் பாறை. ஆனால் ஆழத்தில் ஃபெல்ட்ஸ்பார் கரைந்து கயோலினைட்டாக மாறி மணலின் இடுக்குகளை அடைக்கிறது. கால்சைட்டும் சிமென்ட்போல இறுகுகிறது. ஒரு கிணற்றில் எண்ணெய் தரும் மணல் அடுத்த கிணற்றில் இறுகிக் கிடப்பதற்கு இது ஒரு காரணம்.

ஆழத்தில் துளையிட்டு அறிய வேண்டிய இந்த வரலாற்றில் பெரும்பகுதி அரியலூர், பெரம்பலூர் வட்டாரத்தில் வெயிலிலேயே கிடக்கிறது. நிலவியலாளர் எச். எஃப். பிளான்ஃபோர்டு 1862-இல் இதை விரிவாகப் பதிவுசெய்தார். காரை ஊரருகே செடிகொடியற்ற ஓடை வெட்டுகளில், மங்கிய களிமண்ணுக்கு நடுவே ஜிப்சம் தகடுகள் கண்ணாடிபோல் மின்னுகின்றன. அவை சேற்றோடு படிந்தவை அல்ல, பின்னாளில் விரிசல்களில் விளைந்தவை. அங்கேயே கணவாயின் தொல்லுறவான பெலம்னைட்டுகளின் கூரிய துண்டுகளைக் கையால் பொறுக்கலாம். கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் சிப்பி ஓடுகள் அடுக்கடுக்காக உள்ளன. சிமென்ட் ஆலைகள் அவற்றைத்தான் அரைக்கின்றன. கல்லமேட்டு மணற்கல்லில் டைனோசர் எலும்புகள் கிடைத்துள்ளன. அந்த மணல் படிந்த காலத்துக்குள் கடல் பின்வாங்கி ஆறுகள் வந்திருந்தன.

இதே படுகையின் நரிமணத்தில் 1985-இல் படிவுப் பாறைகளில் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது. சீர்காழி வட்டார மாதானத்தில் நிலை வேறு: அங்கே படிவுப் பாறைகளுக்கு அடியில் உள்ள பழம்பாறையின் வெடிப்புகளிலும் எண்ணெய் இருக்கிறது. அந்தப் பாறையில் எண்ணெய் உருவாக வழியில்லை. பக்கத்துப் பள்ளத்து ஷேலிலிருந்து கசிந்து முகட்டுக்கு ஏறியது அது.