சாபோடோ வைக்கோல் கட்டங்கள்

வைக்கோல் கட்டம் என்பது நகரும் மணலில் நடப்படும் கன்றுகளைக் காப்பதற்காக, வைக்கோலைச் சதுரம் சதுரமாக மணலில் பதித்து அமைக்கும் தடுப்பு ஆகும். சீனாவின் நிங்சியா பகுதியில், டெங்கர் பாலைவனத்தின் தென்கிழக்கு ஓரத்தில் உள்ள சாபோடோவில் 1950களில் இம்முறை பெரிய அளவில் கையாளப்பட்டது.

இதற்கான தேவை இரயிலால் வந்தது. பாவோடோ–லான்சோ இருப்புப்பாதை இங்கே மணற்குன்றுகளின் ஊடே செல்ல வேண்டியிருந்தது. வடமேற்குக் காற்று தண்டவாளத்தை மணலால் மூடிவிடும் என்ற அச்சம் இருந்ததால், 1955இல் சீன அறிவியல் கழகத்தின் ஆய்வு நிலையம் அங்கு நிறுவப்பட்டது. செடி வளர்த்து மணலை நிறுத்துவதே திட்டம். ஆனால் மணல் நின்றால்தான் செடி பிழைக்கும்.

ஆண்டு மழை ஏறக்குறைய 180 மில்லிமீட்டர்தான். நிலத்தடி நீரோ வேர் எட்டாத ஆழத்தில் உள்ளது. எனினும், கன்றுகளுக்கு முதல் எதிரி வறட்சி அன்று, காற்றே. அது ஒரு கன்றின் வேரை அரித்து வெளிக்காட்டும், அடுத்ததை உயிரோடு புதைக்கும். வேர் கீழே இறங்கிவிட்டால், மேலே காய்ந்து கிடக்கும் மணலுக்கு அடியில் சிறிது ஈரம் கிடைக்கும். அதுவரை கன்றுக்குக் காவல் தேவை.

அதற்கான கருவி ஒரு மண்வெட்டியே. மணல்மேல் வைக்கோலைப் பரப்பி, நடுவில் மண்வெட்டியால் அழுத்தினால் பாதி உள்ளே போகும். இரு முனைகளும் நிமிர்ந்து, சுமார் ஒரு சாண் உயர வேலியாக நிற்கும். கட்டத்தின் பக்கம் ஒரு மீட்டர். வேலிக்குள் காற்றின் வேகம் தணிந்து மணல் அடங்கும். 1956 முதல் இக்கட்டங்களுக்குள் கரகானா, ஆர்ட்டிமீசியா போன்ற வறட்சி தாங்கும் புதர்கள் பாசனமின்றி நடப்பட்டன. (மரங்கள் அல்ல, அந்த மழைக்குப் புதரே மிகுதி.) வைக்கோல் நான்கைந்து ஆண்டுகளில் மக்கிவிடும். அதற்குள் புதர்கள் வேரூன்றி, மணலைப் பிடிக்கும் வேலையை ஏற்றுக்கொண்டன. 1958இல் இரயில் ஓடத் தொடங்கியது.

பின்னர் எதிர்பாராத மாற்றம் ஒன்று நிகழ்ந்தது. அடங்கிய மணல்மேல் தூசி படிந்து, பாசியும் நுண்ணுயிர்களும் சேர்ந்து மெல்லிய பொருக்கு உருவானது. அது மழைநீரை மேற்பரப்பிலேயே பிடித்துக்கொண்டதால் ஆழத்து ஈரம் குறைந்தது. ஏற்கெனவே நெருக்கமாக நின்ற புதர்களும் அதை உறிஞ்சியிருந்தன. காலப்போக்கில் ஆழவேர்ப் புதர்கள் பல பட்டுப்போக, ஆழமற்ற வேருடைய சிறுசெடிகளும் ஒருபருவப் பூண்டுகளும் அவ்விடத்தைப் பிடித்தன.