மஞ்சள் காட்டின் இரு உறவுகள்

ஐப்பசியில் ராசிபுரம், நாமகிரிப்பேட்டைப் பக்கம் மஞ்சள் காட்டு வரப்பில் குனிந்து பார்த்தால், இலைகளுக்குள் வெளிர்பச்சைக் கதிரும் அதன் நுனியில் இளஞ்சிவப்பும் தெரியும். கிழங்கின் விலையைப் பேசும் ஊரில் அந்தப் பூவை யார் பார்க்கிறார்கள்? ஆனால் அழகுக்கென்று, மஞ்சள் சேர்ந்த அதே இஞ்சிக் குடும்பத்துச் செடிகளை நர்சரியில் காசு கொடுத்து வாங்குகிறோம். அவற்றில் முக்கியமானவை இரண்டு: ரெட் ஜிஞ்சர், சயாம் துலிப்.

ரெட் ஜிஞ்சரின் பூர்வீகம் சாலமன், நியூ கலிடோனியா போன்ற பசிபிக் தீவுகள். அங்கே மண்ணும் காற்றும் ஈரம் விடுவதில்லை. அதனால் இந்தச் செடிக்கு ஓய்வெடுக்கும் பழக்கமே இல்லை. சித்திரையில் சேலத்து வெயில் நாற்பது டிகிரியைத் தொடும்போதும் அது இலையோடு நின்றாக வேண்டும். இலை ஓரம் கருகும், கதிர் சிறுக்கும். உப்புத்தண்ணி போர்வெல் என்றால் இன்னும் மோசம். ஏற்காட்டுக்குக் கொண்டுபோனால் பிழைக்கும் என்பார்கள். ஆனால் 1,500 மீட்டர் உயரத்து மார்கழிக் குளிர் அதற்கு ஆகாது. அங்கே வெள்ளை இஞ்சிப்பூதான் பொருந்தும்.

சயாம் துலிப்பின் ஊரான வடதாய்லாந்தில் மழையும் வறட்சியும் மாறி மாறி வரும், நம் ஊர் மாதிரியே. அது மஞ்சளுக்கு நெருங்கிய சொந்தம். இரண்டும் ஒரே பேரினம். கிழங்குக்கு அடியில் நீரைச் சேர்த்துவைக்கும் உருண்டை வேர்கள் தொங்கும். பகல் குறுகியதும் இலை மஞ்சளடித்துச் சாயும். செத்துவிட்டது என்று நினைத்துப் பிடுங்கி எறிபவர்கள் உண்டு. தண்ணீர் ஊற்றி அழுக வைப்பவர்கள் அதைவிட அதிகம். விதை மஞ்சளை நிழலில் மூடிவைக்கும் விவசாயியைக் கேட்டிருந்தால், அது உறங்குகிறது என்று சொல்லியிருப்பார்.

கம்பீரம் மட்டும் பார்த்தால் ரெட் ஜிஞ்சர்தான். ஆளுயரத்துக்கு மேல் வளரும். செந்நிறக் கதிர் வாரக்கணக்கில் வாடாது. முற்றிய கதிரிலேயே குட்டிச் செடிகள் முளைக்கும். சயாம் துலிப் முழங்கால் உயரம்தான். ஆனாலும் நாமக்கல் சமவெளியில் எனக்கு இடம் கொடுத்தால் முதலில் அதைத்தான் நடுவேன். ரெட் ஜிஞ்சருக்குத் தென்னை நிழலும் பாத்திரம் கழுவும் தண்ணீர் ஓடும் வாழைப்பாத்தியும் வேண்டும். அவை இல்லாத வீட்டில் அதை வாங்கவே வேண்டாம்.

சயாம் துலிப் கிழங்கை வைகாசி மழைக்குப் பின், மஞ்சள் நடும்போதே நடலாம். தை பிறந்தால் தண்ணீரை நிறுத்திவிட வேண்டும்.